அண்ணி வாங்கிய வால்வு மைக்

அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் முகப்பில் ஒரே ஒரு திருகு. அந்தத் திருகை அசைய விடாமல் மேலே ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டுவார்களே, அதே பிளாஸ்திரிதான். வெள்ளை என்பதெல்லாம் பழைய கதை, இப்போது பழுத்த வாழைப்பழத் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் நீலப் பேனாவில் "அசைக்கக் கூடாது" என்று எழுதி, கீழே தேதி, மணி, எழுதியவர் பெயரின் முதலெழுத்து. குளுக்கோஸ் பாட்டிலில் நர்ஸுகள் எழுதி ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணி நர்ஸ். மைசூரில் ஒரே ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வீட்டில் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, கேஸ் சிலிண்டர் என்று எதையும் விடாமல் தேதி எழுதி ஒட்டுவார். ஒருமுறை என் மோட்டார் சைக்கிளிலும் ஒட்டினார், ஆயில் மாற்றச் சொல்லி.

அந்தப் பெட்டி ஒரு வால்வு மைக்கோடு, அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காக, வந்தது. இப்போது மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்து, வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய, விலையும் கையைக் கடிக்காமல் நல்ல வால்வு மைக் எது என்று கேட்கிறார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் கேட்கிறார்கள், பாவகீதை என்னும் கன்னட மெல்லிசை பாடும் ஆசிரியை கேட்கிறார். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாட்டுக்கும் எனக்கும் வெகுதூரம், பூசையில் நான் பாட ஆரம்பித்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காமல் பதில் சொல்வேன். மைக்கின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அதில் மூச்சு விட்டுப் பாருங்கள், உங்கள் பாட்டு யாருக்காகவோ அவரைக் கேட்க வைத்து அவர் முகத்தைப் பாருங்கள் என்பேன். கேட்பவர்கள் நான் ஏதோ பெரிய விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் அண்ணியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் ஒலிபெருக்கி அவர் கையில். ஆம்ப்ளிஃபயரை எப்போதும் பாதி அளவுக்கு மேல் திருப்ப மாட்டார். பங்குச்சாமியாரே சத்தத்தைக் கூட்டச் சொன்னாலும் சரியென்று தலையாட்டிவிட்டுத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். எந்த மைக்கில் எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது என்பதைக் கடைசி வரிசையிலிருந்தே சொல்வார். அண்ணியை அவர் முதலில் கவனித்ததும் அப்படித்தான். ஹனூர் பக்கம் மார்டள்ளி என்னும் தமிழ்க் கிராமத்திலிருந்து நர்ஸிங் படிக்க வந்து கோயிலில் பாட ஆரம்பித்த பெண், மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி நின்று பாடியதைப் பார்த்துத்தான் மயங்கிப் போனேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அண்ணி அதற்கு, "மூஞ்சியப் பாத்து மயங்குனதுங்கள நான் பாத்திருக்கறேன், மைக்குப் புடிக்கறதப் பாத்து மயங்குன ஆளு இவரு ஒருத்தர்தானுங்க" என்பார்.

ஓய்வு பெற்ற மறு வருடமே அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல மட்டும் வார்த்தை வராது. 'சரி' என்ற ஒரே ஒரு சொல் எப்படியோ மிஞ்சியிருந்தது. பசித்தாலும் சரி, தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் அதே சரிதான். கோபம் வந்தால் அந்தச் சரியைக் கத்துவார். கத்தியபின், தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்கே தெரியும். கண் கலங்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் மனைவியும் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நாள் போகப் போக அவர் சுவரைப் பார்த்துக் கிடக்கும் நேரம் கூடிக்கொண்டே வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஒருநாள் அண்ணி அவருக்கு முகம் துடைத்துக்கொண்டே மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அண்ணனின் உதடு அந்தப் பாட்டுக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை, அசைந்தது, அவ்வளவுதான். அண்ணி அன்றைக்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் போய்ச் சொன்னார். பேச்சுப் போனவர்கள் சிலருக்குப் பாட்டு மட்டும் தங்கியிருக்கும், தினமும் பல தடவை, அவருக்குப் பழகின குரலோடு பாட வையுங்கள், இந்த ஆரம்ப மாதங்களை விட்டுவிடாதீர்கள் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினார். பழகின குரலுக்கோ காலை ஏழு மணிக்கு டியூட்டி. வேலையை விடவும் வழியில்லை. நான் என் போனில் அண்ணியின் பாட்டைப் பதிவு செய்து வைத்தேன், அவர் இல்லாத நேரத்தில் போட்டுக் காட்டலாமென்று. அண்ணன் பத்து விநாடி கேட்டார். இடது கையால் போனைத் தள்ளினார். அவரே செய்து வைத்திருந்த பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டேன். அதற்கும் ஒரு கோபச் 'சரி', முகம் சுவர்ப் பக்கம். அண்ணி பாடினால் அசையும் உதடு, அண்ணியின் பதிவுக்கு அசையவே இல்லை.

டியூட்டி முடிந்து வந்த அண்ணியிடம் சொன்னேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, நோயாளியின் சீட்டைப் படிப்பவர் போல அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாட்டுப் புடிக்காம இல்லீங்க தம்பி. அந்தப் போனுக்குள்ள இருக்கறது நானில்லை. இவரு காது அப்படி" என்றார். எனக்கு அப்போது அலுப்புத்தான் வந்தது. அண்ணனுக்கு இனிமேல் பேச்சு வராது, நாம் வீணாக அலைகிறோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி குரலை உயர்த்தவில்லை. "வராதுன்னு எழுதி ஒட்டறதுக்கு நீங்க யாருங்க தம்பி? டாக்டரே எழுதலை" என்றார். பிறகு, வீட்டில் வைத்துப் பாட நல்ல மைக் என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னார்.

விசாரிப்பது என் தொழில் மாதிரி. இரண்டு வாரம் இரவு பகலாகப் படித்து ஒரு பெரிய கட்டம் போட்டேன். குரலை மெத்தென்று எடுப்பது வால்வு மைக் என்றார்கள். பழைய வால்வு ரேடியோவில் இருந்தது போன்ற ஒரு கண்ணாடிக் குழல் அதற்குள் எரிகிறது, அதனால் கூர்மை தேய்ந்து குரல் வட்டமாக வருகிறது என்று எழுதியிருந்தார்கள். பெயர் பெற்றவற்றின் விலையைப் பார்த்தால் ஹனூர் பக்கம் ஒரு துண்டு நிலமே வாங்கிவிடலாம். ஆனால் அதே அமைப்பில் மலிவானவையும் வந்திருந்தன. பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை. அவற்றில் இரைச்சல் எவ்வளவு, 'ச' எழுத்து எவ்வளவு கிறீச்சிடுகிறது, வால்வைக் கழற்றி வேறு போட முடியுமா என்று நான் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். நான்கு பக்கக் கட்டத்தை அண்ணியிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், அழகாக மடித்தார், தலையணைக்கு அடியில் வைத்தார். "நேர்ல போய்க் கேக்கலாங்க தம்பி. நாடி புடிக்காம மருந்து எழுதுன மாதிரி இருக்குது இது" என்றார்.

பெங்களூரில் ஒரு கடைக்குப் போனோம். வாங்குபவர்கள் பாடிப் பார்ப்பதற்கென்று கண்ணாடி அறை வைத்திருந்தார்கள். என் கட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய மைக் அங்கே பளபளவென்று நின்றது. அண்ணி பாடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்னை மைக் முன்னால் நிறுத்தி, "மூச்சு இழுங்க… விடுங்க… இன்னொருதரம்" என்றார். வார்டில் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துச் சொல்வார்களே, அதே தோரணை. கடைக்காரப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று. அண்ணி கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சுல மணலப் போடுதுங்க இது" என்று முதல் மைக்கைத் தள்ளினார். அதைவிடச் சற்று விலை குறைந்த இரண்டாவதைக் கேட்டு, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் இரண்டிலும் அதே மாதா பாட்டின் முதல் அடியைப் பாடிப் பதிவு செய்து வாங்கிக்கொண்டார். தீர்ப்புத் தன்னுடையது இல்லை, அண்ணனுடையது என்று வழியிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது மைக் மைசூரிலேயே இருந்தது. குவெம்புநகரில் வீட்டின் ஓர் அறையில் மெத்தைகளைச் சாத்தி வைத்துக் கன்னடப் பாட்டுகள் ரெக்கார்ட் செய்யும் ஒருவர், பெரிய மைக் வாங்கிவிட்டதால் பழையதை விற்கப் பார்த்தார். வலைமூடியில் ஒரு நசுங்கல். என் கட்டத்தில் கடைசி இடம். உள்ளே கம்பெனி வால்வைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போட்டிருந்தார் அந்த மனிதர். நான் மறுபடி மூச்சு விட்டேன். அண்ணி ஹெட்போனைக் கழற்றினார். எழுந்து வந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து என் நிஜ மூச்சைக் கேட்டார். திரும்பப் போய் உட்கார்ந்து மைக் வழியாகக் கேட்டார். "உங்களுக்குச் சளி இருக்குதுங்க தம்பி" என்றார். இருந்தது. மறுநாளே காய்ச்சல் கண்டு படுத்தேன்.

அங்கேயும் அண்ணி அதே அடியைப் பாடிப் பதிவு வாங்கியிருந்தார். அன்று சாயங்காலம் மூன்று பதிவுகளையும் அண்ணனின் மரப்பெட்டி ஸ்பீக்கரில் ஒவ்வொன்றாகப் போட்டோம். எது எந்த மைக் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலாவதற்கு இடது கை காற்றில் தள்ளியது. இரண்டாவதற்கு ஒரு சலிப்புச் 'சரி'. மூன்றாவது ஓடியபோது கை தொடை மேலேயே கிடந்தது, முகம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது, உதடு அசைந்தது. பதிவு முடிந்தும் அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நான்கு பக்கக் கட்டம் அத்தோடு குப்பைக்குப் போயிற்று.

வாங்கப் போனபோது அந்தக் குவெம்புநகர்க்காரர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். பெட்டியில் மின்சாரம் இருக்கும்போது மைக்கின் ஒயரைப் பிடுங்கக் கூடாது. மைக்குக்கு முன்பக்கம் மட்டும்தான் காது, பின்பக்கம் செவிடு, அதனால் சத்தம் வரும் திசையை அதன் முதுகுக்குக் காட்டுங்கள். மூன்றாவது, "பிசி ஆகோவரெகு ஹாடபேடி மேடம்", அதாவது சூடாகும் வரை பாடாதீர்கள், இருபது முப்பது நிமிடமாவது விடுங்கள் என்றார். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு சிரமமே இல்லை. பெட்டியின் விசையைப் போட்டுவிட்டு, மூன்று பேரும் செபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்ல உட்கார்ந்தோம். அண்ணி அவசரப்படாமல் சொன்னால் அரைமணி நேரம். ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் நாங்கள் ஆமென் என்றபோது அண்ணன் 'சரி' என்றார். மாதாவுக்கு அது புரியாமலா இருக்கும் என்று அண்ணி சொல்வார். கடைசி மணி உருளும்போது வால்வும் நன்றாகச் சூடாகியிருக்கும். பிறகு எத்தனையோ பாட்டுகள் பதிவு செய்தோம், ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

அண்ணிக்கு மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி முடியும். தெரு அடங்கியிருக்கும் மூன்று மணிக்கு முதல் பதிவை வைத்துக்கொண்டோம். கூடத்தின் நடுவில் மைக். முன்பக்கம் அண்ணியின் நாற்காலி. மைக்கின் செவிட்டு முதுகுக்குப் பின்னால், அண்ணியைப் பார்த்த மாதிரி, அண்ணனின் நாற்காலி. அவர் இருமினாலும் செருமினாலும் பதிவில் விழாது, அதே சமயம் பாடும்போது அண்ணியின் முகம் அவருக்குத் தெரியும். இந்த ஏற்பாடும் அண்ணியுடையதுதான். லேப்டாப்பின் காற்றாடிச் சத்தம் கேட்கக் கூடாதென்று நான் அதோடு சமையலறையில் உட்கார்ந்து, திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. பதிவாகும்போதே கேட்க வேண்டுமென்பது எனக்கு அன்று தெரியாது.

உட்காரும் முன் அண்ணி பெட்டியின் திருகைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு முனையில் வட்டம், நடுவில் இதயம் போல ஒரு படம், மறுமுனையில் எட்டு என்ற எண் மாதிரி ஒன்று வரைந்திருந்தது. திருகு நடுவில் நின்றது. "பாதிச் சத்தத்துல வெச்சிருக்குது பாருங்க, இவரு கோயில்ல வெக்கற மாதிரியே" என்றார் அண்ணி. அண்ணனைப் பார்த்து, "இன்னைக்கு நான் வெக்கறதுதான் சத்தம்" என்று சொல்லித் திருகை எட்டு இருக்கும் கோடி வரை திருப்பிவிட்டார். அண்ணன் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தோள் குலுங்கச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். "சரி" என்றார், தலையை ஆட்டி ஆட்டி, "சரி, சரி." எங்கள் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்து நாங்களும் சிரித்தோம்.

அண்ணி கண்ணை மூடிப் பாடினார். அவர் பாடினால் எப்போதும் கண் மூடியிருக்கும், குரல் வீடு முழுக்க நிறையும். இரண்டு சரணம் நன்றாகப் போயிற்று, மூன்றாவதும் முடியப் போயிற்று. கடைசி வரி முடிகிற நேரத்தில் அரண்மனைப் பக்கமிருந்து பீரங்கி வெடித்தது. தசராவுக்கு முன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் பீரங்கிச் சத்தம் பழக்கும் நாட்கள் அவை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைசூரில் பிறந்து வளர்ந்த நான் அந்த நாளை மறந்து போனேன் என்றால் என்னை எதில் சேர்ப்பது? "போச்சு! நிறுத்துங்க தம்பி, இந்த யானைங்களுக்கு நம்ம பாட்டுத்தான் கெடச்சுதா!" என்று கத்திக்கொண்டே அண்ணி நாற்காலியைத் தள்ளிச் சமையலறைக்கு வந்தார். நிறுத்தும் பொத்தானைத் தேடி நான் அமுக்குவதற்குள் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

கெட்டுப்போனதைக் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று கூடத்து ஸ்பீக்கரில் போட்டோம். அண்ணியின் குரல் அப்படியே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல, அடி முடிந்து மூச்சு வாங்குவது வரை. இரண்டாவது வரியில் அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. நான் முதலில் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். அது ஆண் குரல். தணிந்த குரல், கொஞ்சம் பின்தங்கி வந்தது. வரிகளின் ஆரம்பம் வெறும் முனகலாக இருந்தது, வரிகளின் முடிவில் வார்த்தைகள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் அப்படியே வந்தது. மூன்றாவது சரணத்தில் பாதிக்கு மேல் வார்த்தை. அண்ணி ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பீரங்கி வெடித்தது. "போச்சு! நிறுத்துங்க தம்பி" என்று அவர் கத்துவது கேட்டது, நாற்காலி இழுபடும் சத்தம், சமையலறைப் பக்கம் போகும் காலடி. அதன் பிறகு, யாருமில்லாத அந்த மூன்று நான்கு விநாடியில், அண்ணனின் குரல் சொன்னது: "இன்னொருக்கா."

அது பாட்டில் இல்லாத சொல். யாரும் எடுத்துக் கொடுத்ததும் இல்லை. எட்டு மாதமாகச் 'சரி'யைத் தவிர எதுவும் வராத வாயிலிருந்து அவராக விரும்பி, அவராகக் கேட்ட ஒரு சொல். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முப்பது வருட வார்டில் யார் முன்னும் கண்ணீர் விடாத அண்ணியும் அழுதார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அண்ணன் மட்டும் அழவில்லை. நாங்கள் இருவரும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தோம் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "இன்னொருக்காவா? எத்தன வேணுமோ பாடறேனுங்க, நீங்க கேளுங்க" என்றார். அன்று நாலு மணிக்குள் அதே பாட்டை ஐந்து முறை பாடினார். பீரங்கியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

திருகின் சங்கதி எனக்கு மறுநாள்தான் விளங்கியது. அது சத்தத்தைக் கூட்டுவதே இல்லை. மைக் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று சொல்வது. நடுவில் இதயப் படத்தில் வைத்தால் முன்பக்கம் மட்டும். எட்டில் வைத்தால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும், எட்டின் இரண்டு வயிறு போல. முப்பது வருடம் மைக்குகளோடு கிடந்த அண்ணனுக்கு அந்தப் படங்கள் தெரியாமலிருந்திருக்காது. அண்ணி திருப்பியபோது அவர் ஏன் சிரித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. தன் பக்கமும் காது திறந்துவிட்டது என்று தெரிந்துதான் அவர் துணிந்து வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் இதை விளக்கியபோது அண்ணி தன் தவற்றுக்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பாத்தீங்களா, நான் சரியாத்தான் திருப்பியிருக்கறேன்" என்றார். டியூட்டிப் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப் பல்லால் கிழித்து ஒட்டி, எழுதி, மணி பார்த்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டு. அண்ணி டியூட்டிக்குப் போன நேரத்தில் அண்ணன் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து அவரோடு பாடினார். தன் குரலும் அதில் இருந்ததால் அதைத் துரத்திப் பிடிப்பது அவருக்கு ஒரு பந்தயம் போல ஆயிற்று. பாட்டிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. தண்ணி வந்தது, வேண்டாம் வந்தது, அண்ணியின் பெயர் வந்தது. என்னை 'டேய்' என்று கூப்பிட்ட நாளில் நான் பள்ளிக்கு இனிப்பு வாங்கிப் போனேன். முழுப் பேச்சு வரவில்லை, இன்றும் இல்லை. இரண்டு மூன்று சொல் சேர்ந்து வருவதற்குள் வியர்த்துவிடும். ஆனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றிலும் பெரிய விஷயம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அண்ணிதான் முதலில் போவார் என்று யாரும் எண்ணியதில்லை. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, தான் பழக்கிவிட்ட நர்ஸுகளின் கையில், நான்கே நாளில் போய்விட்டார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது ஆக்ஸிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு, "வால்வு சூடாகறதுக்கு முன்னாடி பாட வெச்சராதீங்க தம்பி" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவர் மேல் அன்றைக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு வருடமாகிறது. அவர் பாடிய அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. அண்ணன் தினமும் காலையில் இரண்டு பாட்டு கேட்கிறார், கூடவே பாடுகிறார், கேட்டு முடித்ததும் அவரே ஸ்பீக்கர் விசையை அணைக்கிறார்.

அண்ணன் இப்போது தனியாகவும் பாடுகிறார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் அந்தப் பதிவுகளைத் தன்னிடம் வரும் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். தன்னைப் போலவே தடுக்கித் தடுக்கிப் பாடும் ஒருவரின் குரல் அவர்களுக்குத் தைரியம் தருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் கீழே போய்ப் பெட்டியின் விசையைப் போடுவேன். நாங்கள் இருவரும் ஐம்பத்து மூன்று மணி சொல்வோம். அண்ணனுக்கு இப்போது ஆமென் வருகிறது. பிறகு அவர் தன் பழைய இடத்திலேயே, மைக்கின் முதுகுப் பக்கம், உட்கார்ந்து பாடுவார். எதிரே அண்ணியின் நாற்காலி சும்மா கிடக்கும். இப்போது எல்லாருக்கும் கீழேதான் சமையல், சமையலறைச் சத்தமெல்லாம் அந்தக் காலி நாற்காலிப் பக்கமிருந்துதான் மைக்குக்குள் வரும்.

சென்ற மாதம் என் கணக்கு வாத்தியார் புத்தி வேலை செய்தது. முன்பக்கம் ஆளே இல்லை, அந்தக் காது எதற்கு? திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, மைக்கை அண்ணன் பக்கம் திருப்பிவிட்டால் அவர் குரல் மட்டும் சுத்தமாக விழும், கேட்கிற நோயாளிகளுக்கும் நல்லது. பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். பாதி வந்துவிட்டது. அண்ணனின் இடது கை என் கை மேல் வந்து விழுந்தது. கோபத்தில் பழைய 'சரி' வருமென்று எதிர்பார்த்தேன். அவர் வாயைக் குவித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். நெற்றியில் வியர்த்தது. "அது… அவ… பக்கம்" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். கிளம்பிய பிளாஸ்திரியை அமுக்கிப் பார்த்தேன், பசை காய்ந்து போயிருந்தது. அண்ணியின் டியூட்டிப் பை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதிலிருந்து சுருளை எடுத்து, அவர் எழுத்தை மறைக்காமல் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துண்டு ஒட்டினேன். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார். புதுத் துண்டில் தேதியும் மணியும் எழுதி என் முதலெழுத்தையும் போட்டேன். பிறகு அவர் பாடினார். அன்றைய பதிவில் கடைசி அடியின்போது அண்ணியின் பக்கமிருந்து குக்கர் மூன்று விசில் அடிப்பது நன்றாகக் கேட்கிறது. அதை நான் வெட்டவில்லை.